நாலு மணிக்கு யாரும் போன் பண்ணாதீங்க

மாமனாரின் செல்போனுக்கு வால் முளைத்திருந்தது. வாலின் மறுநுனி கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ச் செருகியிருந்தது. சாய்ரா மூன்றாவது தடவையாக ‘டயல்’ பொத்தானை அழுத்தினாள். இணைத்துக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து, இணைக்க முடியவில்லை என்றும் அதே திரையே சொன்னது.

அவள் நோட்டை எடுத்து எழுதினாள்.

‘முயற்சி மூன்று. புதன், மதியம் இரண்டேகால். இடம் என் அறை. சிக்னல் ஒரு கோடு. சில சமயம் அதுவும் இல்லை. பலன் இல்லை. காரணம் தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.’

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

அந்த நாலு மணிக்குத்தான் அவள் புருஷன் உபைதுல்லா கத்தாரிலிருந்து கம்ப்யூட்டரில் வருவதாகச் சொல்லியிருந்தான். கல்யாணம் ஆகி இருபத்தேழு நாள் அவளோடு இருந்துவிட்டுப் போனவன். போய் இருபத்துமூன்று மாதம் ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் கம்பெனியில் அவனுக்கும் கூடப் போனவர்களுக்கும் புது ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் அடுத்த மாதம் ஊர்.

“போட்டுருப்பா” என்று மாமனார் அப்துல் ஹக் போன வாரமே போனில் சொல்லிவிட்டார். “மாடியில கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. மேல்தளம் எழும்பணும்ல? ரெண்டு வருஷம்ங்கிறது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

போடாதீங்க என்று சொல்ல அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஒரே போன். மாமி மெகருன்னிசாவுக்கு ஒரு காது மந்தம். அதனால் உபைதுல்லா கூப்பிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைப்பார்கள். மாமா பேசுவார், மாமி பேசுவாள், கடைசியில் “இந்தா, சாய்ரா பேசறா” என்பார்கள். ஆனால் ஒருத்தரும் நகர மாட்டார்கள். சாய்ரா ஃபிரிட்ஜைப் பார்த்து, “நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?” என்பாள். “சாப்டேன்” என்று ஃபிரிட்ஜ் சொல்லும். இருபத்துமூன்று மாதத் தாம்பத்தியம் அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் கண்ணை மூடி அவன் முகத்தை நினைத்தால் முழுசாக வருவதில்லை. நெற்றி வருகிறது, மீசை வருகிறது, நடுவில் உள்ளது வருவதற்குள் கலைந்துவிடுகிறது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் அதில் பூச்சரம் முகத்தை மறைத்துக்கொண்டு தொங்குகிறது.

மஞ்சக்குப்பத்தில் அவள் சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வாத்தியார் ஜெயசீலன் ‘சாட்’ என்றால் என்ன என்று காட்டினார். அங்கே இரண்டு பேர் வாய் திறக்காமல் பேசிக்கொண்டார்கள். சாய்ரா அன்றைக்கு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்: ‘எழுத்துக்குச் சத்தம் கிடையாது.’

பிரவுசிங் சென்டருக்கு மருமகளை அனுப்ப மாமா சம்மதிக்கவில்லை. முதுநகரில் அவர்கள் தெருவுக்கு இன்டர்நெட் கம்பி இன்னும் வந்து சேரவில்லை. மாமா எப்போதோ வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர் மட்டும் துணி போர்த்தி வீட்டில் இருந்தது. “செல்போன் வழியாவே நெட்டு எடுக்கலாம்மா, ஒரு கேபிள் இருந்தா போதும்” என்று ஜெயசீலன் சொன்ன மறுநாளே, அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் சிதம்பரம் பஸ் ஏறினாள். மேலவீதியில் நாலு கடை ஏறி இறங்கி, கேபிளும் ஒரு கேமராவும் வாங்கி, அம்மாவை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

புதன் சாயங்காலம் வகுப்பில் அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள்.

ஜெயசீலன் படித்துப் பார்த்தார். “உங்க வீட்ல எந்த எடத்துல நாலு கோடு வருது?”

“ஃபிரிட்ஜ் மேல சார்.”

“அப்போ கம்ப்யூட்டர ஃபிரிட்ஜ்கிட்ட கொண்டு போங்க.”

“அது ஹால்ல இருக்கு சார்.”

“இருக்கட்டுமே?”

இருக்கட்டும் என்று விட முடியாத காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. கேபிளின் நீளம் ஒரு முழம். ஃபிரிட்ஜை அறைக்குள் கொண்டுவந்தால் சிக்னலும் கூடவே வருமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். வராது என்று அவளுக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. ஐந்தாவது முயற்சியில் இணைப்பும் வந்தது. திரையின் மூலையில் இரண்டு குட்டி டிவி படங்கள் மாறி மாறி மின்னின. மெசஞ்சரில் பெயரை அடித்து முடிப்பதற்குள் ஃபிரிட்ஜ் மேல் போன் அடித்தது. துறைமுகத்திலிருந்து ஒரு படகுக்காரர், மாமாவின் கடையில் எட்டு எம்எம் நைலான் கயிறு இருக்கிறதா என்று கேட்டார். குட்டி டிவிகள் இரண்டும் அணைந்துவிட்டன.

ஆறாவது முயற்சியில் மங்கலம்பேட்டையிலிருந்து மாமியின் தங்கை அமீனா கூப்பிட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான்.

“போன் வந்தா நெட்டு அறுந்துடும்மா” என்றார் ஜெயசீலன் அன்று வகுப்பில். “நாளைக்கு அந்த நேரத்துக்கு யாரும் கூப்பிடாம பாத்துக்குங்க. நானும் வந்து பாக்கறேன்.”

சாய்ரா மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாமா ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. போனில் இருந்த பெயர்களை ஒன்றுவிடாமல், வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

“நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு போன் பண்ணாதீங்க.”

“நான் ஏன் பாய் பண்ணப் போறேன்?”

“பண்ணிடாதீங்க, அவ்ளோதான்.”

“என்னா விஷயம்?”

“உபைதுல்லா கம்ப்யூட்டர்ல வர்றான்.”

“அப்படியா! எத்தனை மணிக்கு?”

ஊர் தூங்குவதற்குள் முதுநகர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாய்ரா நோட்டில் எழுதினாள்: ‘மாமாவிடம் சொன்னது சரியா? தெரியவில்லை.’

சரியில்லை என்று வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தெரிந்தது. போன் பண்ணக் கூடாது என்று சொல்லப்பட்ட அத்தனை பேரும் நேரில் வந்திருந்தார்கள். ஹாலில் பத்தொன்பது பேர். எட்டு எம்எம் கயிறு கேட்ட படகுக்காரர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மங்கலம்பேட்டை அமீனா பிளாஸ்டிக் கூடையோடு உள்ளே நுழைந்தாள்.

“போன் பண்ணக் கூடாதுன்னுட்டாரு மச்சான். அதான் பஸ் ஏறிட்டேன்.”

ஜெயசீலன் சொன்னபடி வந்து, ஃபிரிட்ஜ் மேலிருந்த போனைப் பார்த்தார். நாலு கோடு ஒரு கோடாகியிருந்தது.

“இத்தனை ஒடம்பு சுத்தி நின்னா சிக்னல் எப்படிங்க உள்ள வரும்?”

அது உண்மைதானா என்று சாய்ராவுக்குச் சந்தேகம். ஆனால் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள் என்று அவளுக்கு ஒரு சின்ன ஆசை வந்தது.

யாரும் போகவில்லை. “அப்ப மாடிக்குத் தூக்கிடலாம்” என்றார் மாமா. “அங்க காத்தும் வரும், சிக்னலும் வரும்.”

படகுக்காரர் மானிட்டரைத் தூக்கினார். மீன் கூடை தூக்குவதுபோலத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினார். மாடியில் கரன்ட் இல்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் தன் வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை வீசினாள். ஒயர் கொடுத்தவள் வராமல் இருப்பாளா? அவளும் இரண்டு மருமகள்களும் மதில் தாண்டி வந்தார்கள்.

“எங்க வூட்டு கரன்ட்டு பாய். மொத வரிசையில ஒக்காருவேன்.”

வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. கடையிலிருந்து நீலத் தார்ப்பாய் வந்தது. மேல்தளத்துக்காக நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் நாலில் அதை இழுத்துக் கட்டினார்கள். தெருவிலிருந்து பார்க்க அது பந்தல் மாதிரியே இருந்ததால், சைக்கிளில் போன வாடகைச் சேர்க்காரர் நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

“பாய், என்னா விசேஷம்? எத்தனை சேர் அனுப்பட்டும்?”

“விசேஷம்லாம் இல்லப்பா, புள்ள கத்தார்லேருந்து பேசறான்.”

“அப்ப முப்பது போதுமா?”

சாய்ரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பந்தலைப் பார்த்து ஏறி வந்தவர்களையும் சேர்த்து அவளுக்குப் பின்னால் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வரி என்றுதானே ஆரம்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று யோசித்தாள். ஒவ்வொரு இடத்திலும் சரியாகத்தான் செய்திருந்த மாதிரி தோன்றியது.

நாலு பத்துக்குக் குட்டி டிவிகள் மின்னின.

“வந்துடுச்சு!” என்றார் ஜெயசீலன். முப்பத்தாறு பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

திரையில் ஸலாம் வந்தது. பிறகு படம் வர ஆரம்பித்தது. முதலில் நெற்றி வந்தது. கட்டம் கட்டமாக, ரொம்ப நிதானமாக. அப்புறம் கீழே மீசை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஒரு கண் வந்தது. மூக்கு. அடுத்த கண்.

இதுதான். மறந்துபோனது இதுதான்.

“அல்லாவே, எளச்சுட்டானே!” என்றாள் மாமி.

“கறுத்துட்டான்” என்றாள் அமீனா.

“பேசச் சொல்லு பாப்பா” என்றாள் ரத்தினம்மாள்.

“பேச்சு வராதும்மா” என்றார் ஜெயசீலன். “படமே நொண்டிக்கிட்டு வருது. எழுதத்தான் முடியும்.”

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாவது படத்திலும் அவன் நேராகப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி, பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாள். தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ என்றும் நினைத்தாள்.

“சாப்பிட்டானான்னு கேளு” என்றாள் மாமி.

“நாளைக்கு மறக்காம கையெழுத்துப் போடச் சொல்லு” என்றார் மாமா.

சாய்ரா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க ஆரம்பித்தாள். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள். முதலில் மாமி சொன்னதை அடித்தாள். அடுத்து, மாமா கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று நேர்மையாக அடித்தாள். அதற்கு அப்புறம் விரல் நிற்கவில்லை.

‘நான் சொல்றேன், போடாதீங்க. உங்க மூஞ்சி எனக்குப் பாதி மறந்துபோச்சு. இருபத்தேழு நாளையும் தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நெனச்சுப் பாத்து ஓட்டினேன். எல்லாத்தையும் நெனச்சு முடிச்சுட்டேன் மச்சான். ஒரே விஷயத்தையே திருப்பித் திருப்பி நெனைக்கறேன். நீங்க சில்வர் பீச்சுல செருப்பத் தொலைச்சது தேஞ்சேபோச்சு. இத வெச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்ட முடியாது.’

“என்னா புள்ள அடிக்கிற?” என்றாள் மாமி.

“சாப்பிட்டீங்களான்னு கேக்கறேன் மாமி.”

“அதுக்கா இத்தன நீளம்?”

“இங்கிலீஷ்ல நீளமாத்தான் மாமி வரும்.”

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ‘ம். அப்புறம்?’

அவ்வளவுதானா? இருந்தாலும் அடித்தாள்.

‘மாடி வேணாம். நீங்க இல்லாம மேல ஒரு வூடு கட்டி நான் என்னா பண்றது? உங்க அத்தா கடையில நீங்களும் கயிறு விக்கலாம். நானும் டைப் அடிச்சு எதாவது பண்றேன். வீட்ல எல்லாரும் உங்ககிட்ட சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. நீங்க பக்கத்துல ஒக்காந்து சாப்பிடறத ஒரு தடவ பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.’

“மாஸ்டர்” என்றார் மாமா திடீரென்று. “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல? என்னா எழுதுதுன்னு சத்தமா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

சாய்ராவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அந்த மாடியில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஜெயசீலன்தான்.

அவர் குனிந்தார். முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரியையும் படித்தார். சாய்ரா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இங்க எல்லாரும் சௌக்கியம்” என்று உரக்கப் படித்தார் ஜெயசீலன். “மழை இன்னும் வரல. மீன் வரத்து கம்மி. கடையில...” ஒரு நொடி தடுமாறினார். “கடையில எட்டு எம்எம் கயிறு ஸ்டாக் இல்ல.”

“அட, இல்லையா?” என்றார் படகுக்காரர்.

“அதுக்கா அந்தப் பொண்ணு கண்ணத் தொடைக்குது?” என்றாள் ரத்தினம்மாள்.

“வெயிலும்மா. ஸ்கிரீன் பளபளன்னு அடிக்குது” என்றார் ஜெயசீலன். அவரும் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தார்ப்பாயைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த படம் வந்தது. உபைதுல்லா தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தான்.

“அங்கயும் வெயில் போல” என்றாள் மாமி.

அதற்கடுத்த படத்தில் துண்டு இல்லை. கண் சிவந்திருந்தது. ஆனால் இப்போதும் அவன் நேராகப் பார்க்கவில்லை. அதே பக்கவாட்டுப் பார்வை. பதிலும் அதேதான். ‘ம். சொல்லு. மேல சொல்லு.’

மேலே சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. யாருக்கும் கேட்காமல், முப்பத்தாறு பேருக்கு நடுவில், இருபத்துமூன்று மாதத்தையும் சொல்லி முடித்திருந்தாள். இனி அவன் பாடு. போனில் ஒரு கோடு குறைந்தது. மாமி, “போதும் புள்ள, நானும் ரெண்டு வார்த்த சொல்லணும்” என்று தோளைத் தொட்டாள்.

சாய்ரா கடைசியாக ஒன்றை மட்டும் அடித்தாள்.

‘இவ்ளோ சொல்றேன். ஏன் என்னைப் பாக்கவே மாட்டேங்கறீங்க? கோவமா?’

எதுவும் வரவில்லை. குட்டி டிவிகள் மின்னுவதும் நிற்பதுமாக இருந்தன. அந்தப் பக்கம் யாரோ அடித்துக்கொண்டிருப்பதாகத் திரையின் அடியில் ஒரு சின்ன வரி வந்தது. போனது. மறுபடி வந்தது. அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சேர்க்காரர் டீ எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு பதில் மொத்தமாக வந்து விழுந்தது.

“கோவம்லாம் இல்ல அண்ணி, நான் அண்ணன் ரூமுல இருக்கற கண்ணாயிரம், குமராட்சிக்காரன், அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது, மொதல்லேருந்து நாந்தான் பக்கத்துல ஒக்காந்து நீங்க எழுதறத சத்தமா படிச்சுக் காட்டறேன், ரூமுல பதினோரு பேரு இருக்கோம், நாளைக்கு எவனும் கையெழுத்துப் போடறதா இல்ல.”